ராசாவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்?



இயக்குநர் பாலாவின் ‘பரதேசி’ 2013ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்தது. அப்போது நான் அதைப் பார்க்கவில்லை. பார்க்கும் எண்ணமும் இருந்ததில்லை. வெளிநாட்டில் ஆறு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு விடுப்பில் ஊர் வந்த பழைய மாணவர் ஒருவர், மத்ரஸாவுக்கு வந்து சலாம் சொல்லிவிட்டுப் பேச்சோடு பேச்சாக, “ஹஜ்ரத், அந்தப் படத்த ஒரு தடவ பாருங்க. தேயிலைத் தோட்டம்னு காட்டுறாங்க, ஆனா அது நாங்க போன கதைதான்” என்றார். அவர் போனபின் நெடுநேரம் அந்தச் சொல் மனத்தில் நின்றது. இரண்டு இரவுகளில், கைபேசியில், பாடல் காட்சிகளைத் தள்ளிவிட்டுப் பார்த்து முடித்தேன்.

திரைப்படம் பார்ப்பதன் மார்க்கச் சட்டம் என்ன என்பது இக்கட்டுரையின் பொருளன்று. அதைக் கேட்டு எழுதவிருக்கும் சகோதரர்கள் தங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்ளட்டும். படத்தில் எனக்கு ஒவ்வாதவை பல உண்டு. நிக்காஹ் இல்லாத உறவை ஒரு இயல்பான நிகழ்ச்சியாகக் கடந்து போகும் இடம் ஒன்று. தோட்டத்துக்கு வரும் கிறிஸ்தவ மருத்துவரைக் கேலிச் சித்திரமாக்கியிருப்பது மற்றொன்று. இந்தக் கதைக்கு அடிப்படையான ‘ரெட் டீ’ என்ற ஆங்கில நாவலை 1969இல் எழுதிய பி.எச்.டேனியல், தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராக இருந்து கூலிகளின் துயரத்தைக் கண்ணால் கண்டவர். அவரே ஒரு கிறிஸ்தவர். இரா.முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் அந்நாவல் தமிழிலும் கிடைக்கிறது. எந்தச் சமூகத்தாரானாலும் நன்மை செய்தவரின் நன்மையை மறைக்கக் கூடாது என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

இனி, என்னை உறங்கவிடாத செய்திக்கு வருகிறேன்.

கதை சுதந்திரத்துக்கு முந்திய 1930களில் சாலூர் என்னும் வறண்ட கிராமத்தில் தொடங்குகிறது. நாயகன் ராசா சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவன். பாட்டி வளர்க்கிறாள். தண்டோரா போட்டு ஊர்ச் செய்தி சொல்வது அவன் வேலை. அதற்குக் கூலி, வீடு வீடாகக் கிடைக்கும் அரிசியும் சோறும். ‘ஒட்டுப்பொறுக்கி’ என்பது ஊர் அவனுக்கு வைத்த பெயர். அவன் அதற்குக் கோபப்படுவதில்லை, சிரிக்கிறான். ஊரும் அவனைப் பார்த்துச் சிரிக்கிறது. ஊரில் யாரும் அவனைப் பட்டினி போடவில்லை, அடித்து விரட்டவும் இல்லை. ஒரு கல்யாணப் பந்தியில் அவனுக்கு மட்டும் சோறு விழாமல் செய்து வேடிக்கை பார்க்கிறார்கள், அவன் குழந்தையைப்போல் அழுகிறான். மீசை முளைத்த ஆண்மகன் சோற்றுக்காகத் தேம்பி அழும் அந்த இடத்தை ஊர் ஒரு விளையாட்டாகத்தான் பார்க்கிறது.

வேலை தேடிப் பக்கத்து ஊருக்குப் போய் விறகு உடைக்கும்போதுதான் கங்காணி அவனைக் காண்கிறான். கங்காணியின் பேச்சில் தேன் வடிகிறது. மலையில் வேலை, தங்க இடம், கைநிறையக் கூலி. ராசாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கங்காணியைத் தன் ஊருக்கே அழைத்து வருகிறான். அதுவரை அவனைப் பொருட்படுத்தாத ஊர் அவன் பின்னால் கிளம்புகிறது. 48 நாள் நடை. போய்ச் சேர்ந்தபின், ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும்போது கங்காணிக்கு இவ்வளவு, மருத்துவனுக்கு இவ்வளவு, கடைச் சாமானுக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வந்து, கூலி வாங்க நின்றவனைக் கடன்காரனாக்கித் திருப்பி அனுப்புகிறார்கள். ராசாவால் அதை மறுக்க முடியவில்லை. எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணைக் கழிக்கிறார்கள் என்பதே அவனுக்குத் தெரியாது. தப்பி ஓடுகிறான், பிடித்து வந்து காலின் நரம்பை அறுத்துவிடுகிறார்கள்.

படம் பார்த்தவர்கள் பெரும்பாலும் கங்காணியைத் திட்டுவார்கள். வெள்ளைக்காரத் துரையைத் திட்டுவார்கள். அவர்கள் அதற்குத் தகுதியானவர்களே. எனக்கோ சாலூரின் மீதுதான் கோபம் வந்தது. இருபது வயதுவரை ஓர் அநாதைக்குச் சோறு போட்ட அந்த ஊர், அவனுக்குக் கணக்கு ஏன் சொல்லிக் கொடுக்கவில்லை?

நம் மார்க்கத்தில் ‘எத்தீம்’ என்பவர், பருவமடையும் முன் தந்தையை இழந்த பிள்ளை. தாய் உயிரோடு இருந்தாலும் அப்பிள்ளை எத்தீம்தான். பருவமடைந்தபின் எத்தீம் என்ற நிலை இல்லை என்று அபூதாவூதில் ஒரு ஹதீஸ் வருகிறது. இதைக் கேட்டவுடன், பதினைந்து வயதோடு நம் பொறுப்பு முடிந்தது என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். அப்படி முடிவதில்லை. சூரத்துன் நிஸாவின் ஆறாம் வசனம் பருவமடைதலோடு மற்றொரு சொல்லையும் சேர்த்து வைத்திருக்கிறது. அது ‘ருஷ்து’. எத்தீம்கள் திருமண வயதை எட்டும்வரை அவர்களைச் சோதித்து வாருங்கள், அவர்களிடம் ருஷ்தைக் கண்டுகொண்டால் அவர்களுடைய பொருளை அவர்களிடம் ஒப்படையுங்கள் என்பது அதன் கருத்து. பெரியவர்களாகிவிடுவார்களே என்று அவசரமாகத் தின்று தீர்க்க வேண்டாம் என்றும், பொறுப்பாளர் வசதியுள்ளவரானால் ஒதுங்கிக்கொள்ளட்டும், ஏழையானால் நியாயமான அளவு எடுத்துக்கொள்ளட்டும் என்றும், ஒப்படைக்கும்போது சாட்சிகளை வையுங்கள் என்றும் அதே வசனம் தொடர்கிறது.

ருஷ்து என்பதற்கு ஒற்றைத் தமிழ்ச் சொல் தேடிப் பார்த்தேன். பக்குவம் என்று சொல்லலாம். நேரறிவு என்றும் சொல்லலாம். தன் பொருளைத் தானே காத்து, தனக்கு எது ஆதாயம், எது நட்டம் என்று பிரித்தறியும் திறன் அது. பொருள் விஷயத்தில் தெளிவு இருந்தால் போதும் என்பது ஹனஃபி மத்ஹபின் கருத்து. பொருளோடு தீனிலும் சீர்மை வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் கருத்து. பருவ வயதிலும் இப்படியே. உடலில் அடையாளம் தோன்றாத ஆண்பிள்ளைக்கு இமாம் அபூஹனீஃபா (ரஹ்) 18 என்றார்கள். அவர்களுடைய இரு மாணவர்களும் இமாம் ஷாஃபிஈயும் (ரஹ்) 15 என்றார்கள். ருஷ்து வராதவனின் பொருளை 25 வயதுவரை தடுத்து வைக்கலாம், அதன்பின் கொடுத்துவிட வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபாவின் தீர்ப்பு. ருஷ்து தெரியும்வரை கொடுக்கவே கூடாது என்பது மாணவர்களின் தீர்ப்பு. வயதில் இத்தனை கருத்து வேறுபாடு இருந்தும், சோதிக்க வேண்டும் என்பதில் எவருக்கும் வேறுபாடு இல்லை.

எப்படிச் சோதிப்பது? இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலில் இதற்கு ஓரிடம் உண்டு. அதைப் பாடமாக ஓதும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வியப்பும் சேர்ந்து வரும். வணிகரின் பிள்ளையைக் கொள்முதலிலும் விற்பனையிலும் பேரம் பேசுவதிலும் சோதிக்க வேண்டுமாம். உழவரின் பிள்ளையைப் பயிர்த்தொழிலிலும், வயலில் வேலை செய்வோருக்குச் செலவிடுவதிலும் சோதிக்க வேண்டுமாம். கைத்தொழிலாளியின் பிள்ளைக்கு அந்தத் தொழிலே சோதனை. பெண்பிள்ளைக்கு நூற்பும் பஞ்சும், அதோடு சமைத்ததைப் பூனையிடமிருந்து காப்பதும்! ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது. இரண்டு மூன்று முறை பார்க்க வேண்டும். இச்சோதனைக்குரிய காலமும் பருவமடைவதற்கு முன்பே. பிள்ளை பேரம் பேசி முடித்தபின் ஒப்பந்தத்தை மட்டும் வலீ செய்துகொடுப்பார். ஏறத்தாழ எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் திமஷ்கில் வாழ்ந்த ஒரு மேதை, தந்தையில்லாப் பிள்ளையைச் சந்தைக்கு அழைத்துப் போய்ப் பேரம் பேசவிடு என்று சட்ட நூலில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? அகீகா என்றால் எத்தீம்கானாவுக்குப் பிரியாணி. நினைவு நாளென்றால் எத்தீம்கானாவுக்குப் பிரியாணி. பெருநாளைக்கு ஒரே நிறத்தில் சட்டைத் துணி. வரிசையாக உட்காரவைத்து ஒரு நிழற்படம். அல்லாஹ் அவற்றை ஏற்றுக்கொள்வானாக. பசித்தவனுக்கு உணவளிப்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எத்தீமைப் பொறுப்பேற்றவரும் தாமும் சுவனத்தில் இரு விரல்களைப்போல் அருகருகே இருப்போம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அதில் வரும் சொல் ‘காஃபில்’, பொறுப்பேற்றவர். ஒரு வேளைச் சோறு கொடுத்தவர் அவ்வளவில் காஃபில் ஆகிவிடுவாரா என்பதை நாம் யோசிப்பதில்லை. சாலூரும் சோறு போட்டதுதானே?

நபி (ஸல்) அவர்களின் இளமையை மீலாது மேடைகளில் கண்ணீர் வரப் பேசுகிறோம். பிறக்கும் முன்பே தந்தை அப்துல்லாஹ் மறைந்தார். ஆறு வயதில் அப்வாவில் தாய் ஆமினா மறைந்தார். எட்டு வயதில் பாட்டனார் அப்துல் முத்தலிபும் மறைந்தார். அதற்கப்பால் பேச்சாளர் நேராக ஹிரா குகைக்குப் போய்விடுகிறார். இடையில் இருக்கும் முப்பது ஆண்டுகள்? அபூதாலிப் தம் தம்பி மகனைத் தம் பிள்ளைகளோடு உட்காரவைத்து உண்ணக் கொடுத்ததோடு, வணிகக் கூட்டத்தோடு ஷாமுக்கும் அழைத்துச் சென்றார். மக்காவாசிகளின் ஆடுகளைச் சில கீராத்துக் கூலிக்குத் தாம் மேய்த்ததாக நபியவர்களே சொல்லியிருக்கிறார்கள். இதுவும் புகாரியில் உள்ளது. வேலை, அதற்குப் பேசிய கூலி, அதைக் கையில் வாங்கும் அனுபவம். இருபத்தைந்து வயதில் கதீஜா (ரலி) அவர்கள் தம் சரக்கை நம்பி ஒப்படைத்தது, ஏற்கெனவே சந்தை கண்ட ஓர் இளைஞரிடம்தான்.

இதையெல்லாம் பாடமாக நடத்துவது எளிது. எங்கள் குமராட்சியில் கண்முன் ஒரு பிள்ளை இருக்கும்போது?

ஏழாண்டுகளுக்கு முன் தந்தை இறந்துபோன பிள்ளை அவர். பெயர் வேண்டாம். அப்போது பதினொரு வயது. கீழே ஒரு தங்கை. தாய், தந்தையின் தாயாராகிய நன்னி, இவர்கள் குடும்பம். வடக்கு ராஜன் வாய்க்கால் தண்ணீர் பாயும் ஒரு காணி நிலம் அத்தா விட்டுப்போனது. அதைச் சின்னத்தா பார்த்துக்கொண்டார். சின்னத்தா கெட்டவர் அல்லர். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நெல் வந்தால் அந்த வீட்டுக்கு மூட்டை போய்விடும், பெருநாளைக்குத் துணி போய்விடும், பள்ளிக்கூடக் கட்டணமும் கட்டிவிடுவார். ஆனால் எத்தனை மூட்டை விளைந்தது, கொள்முதல் நிலையத்தில் எவ்வளவு பணம் வந்தது, உரத்துக்கு எவ்வளவு போனது என்று ஒரு வரி எழுதி வைத்ததில்லை. தம் வயலும் அண்ணன் வயலும் அவர் கணக்கில் ஒன்றாகக் கலந்துவிட்டன.

கலப்பது தவறா என்று கேட்பீர்கள். எத்தீமின் பொருளைத் தின்பது வயிற்றில் நெருப்பைத் தின்பது என்ற எச்சரிக்கை இறங்கியபோது, ஸஹாபாக்கள் அஞ்சி எத்தீம்களின் உணவைத் தனியே சமைத்தார்கள், மிஞ்சியது கெட்டுப்போயிற்று. பிறகு சூரத்துல் பகராவின் 220ஆம் வசனம், அவர்களோடு கலந்து வாழலாம், அவர்கள் உங்கள் சகோதரர்கள், ஆனால் கெடுப்பவன் யார், சீர்செய்பவன் யார் என்பதை அல்லாஹ் அறிவான் என்ற கருத்தில் இறங்கியது. ஆக, கலப்பது அனுமதி. கணக்கில்லாமல் கலப்பதற்கு அந்த அனுமதியை நீட்டிக்க முடியாது.

பிள்ளைக்குப் பதினேழு நடக்கும்போது ஓர் ஏஜென்ட் வந்தார். வளைகுடா நாடு ஒன்றில் பெரிய கடையில் வேலை, சாப்பாடு, தங்குமிடம், விமானச் சீட்டு எல்லாம் அவர்கள் பொறுப்பு என்றார். பதினெட்டு முடிந்ததும் விசா. ரூபாய் ஒரு இலட்சத்து இருபதாயிரம் தயார் செய்யுங்கள். நன்னிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நிலத்தைப் போக்கியத்துக்கு வைத்துப் பணம் புரட்டலாம் என்று சின்னத்தா சொன்னார். பிள்ளைக்குக் கேட்கவே வேண்டாம். ஊரில் யார் வீட்டு மாடிக்குப் போனாலும் வெளிநாட்டுப் பணத்தில் கட்டியது என்ற பேச்சுத்தானே. சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில்வரை சாலையோரத்து ஊர்களில் நம்மவர் வீடுகளைக் கேட்டுப் பாருங்கள், பயணம் போகாத வீடு எத்தனை? பயணத்தை நான் இழிவாகச் சொல்லவில்லை. நம் பள்ளிவாசல்களின் மினாராக்களில் பாதி அந்த வியர்வைதான். ஆனால் அந்தத் தாயார் மத்ரஸாவின் கதவோரம் நின்று, “ஹஜ்ரத், புள்ளைக்கு ஒரு துஆ செஞ்சு அனுப்புங்க” என்று கேட்டபோது, ராசா கங்காணியைக் கைப்பிடித்து ஊருக்குள் அழைத்து வரும் காட்சிதான் என் கண்ணில் நின்றது.

கங்காணி காலத்தில் சட்டமும் கங்காணி பக்கம் இருந்தது. முன்பணம் வாங்கிய கூலி வேலையை விட்டுப் போனால் தண்டிக்க 1859இல் ஆங்கிலேயர் ஒரு சட்டம் போட்டார்கள். அது 1925இல் நீக்கப்பட்டது. படத்தின் கதை நடக்கும் காலத்தில் அச்சட்டம் ஏட்டில் இல்லை. ஆனால் அது நீங்கிவிட்டது என்று மலையில் இருந்த ராசாவுக்கு யார் சொல்வார்? இன்று நிலைமை நேர் எதிர். சட்டம் தொழிலாளியின் பக்கம் இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெற்ற ஏஜென்டுகள் மட்டுமே ஆள் அனுப்பலாம். பதிவு எண்ணை அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம். தொழிலாளியிடம் வாங்கத்தக்க சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவரின் கடவுச்சீட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் அனுமதி பெற வேண்டும். இவற்றை நம் ஜும்ஆ மேடைகளில் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்?

அந்தத் தாயாரிடம் துஆ செய்வதாகச் சொன்னேன். கூடவே, பதினெட்டு முடிய எட்டு மாதம் இருக்கிறது, தினமும் மஃரிபுக்குப் பின் ஒரு மணி நேரம் பிள்ளையை அனுப்புங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். ஓதுவதற்கா என்று கேட்டார். ஓதவும்தான் என்றேன்.

முதல் பாடம் பாகப்பிரிவினை. ஃபராயிழ் சட்டத்தை மற்ற மாணவர்களுக்குக் கற்பனைக் குடும்பங்களை வைத்து நடத்துவோம். இவருக்கு அவர் அத்தாவின் நிலத்தையே கரும்பலகையில் எழுதினேன். மனைவிக்கு எட்டில் ஒன்று, தந்தையின் தாய்க்கு ஆறில் ஒன்று, மீதி மகனுக்கும் மகளுக்கும் இரண்டுக்கு ஒன்று. இருபத்து நான்கில் வகுத்தால் பிள்ளைகளின் பங்கு முழு எண்ணாக வராது. மூன்றால் பெருக்கி எழுபத்திரண்டாக்க வேண்டும். மூன்று நாள் முட்டி மோதி அவரே கண்டுபிடித்தார். அம்மாவுக்கு 9, நன்னிக்கு 12, தங்கைக்கு 17, தனக்கு 34. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பலகையையே பார்த்தார். “அப்ப நிலம் முழுசா என்னுது இல்லையா ஹஜ்ரத்?” “பாதிகூட இல்லைப்பா.” “தங்கச்சிக்கு இவ்வளவு இருக்கா?” அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. நிலத்தை அடகு வைத்துப் பயணம் போவதென்றால், தங்கையின் பதினேழு பங்கையும் சேர்த்தே வைக்க வேண்டும். அதை அவர் வாயால் கேட்டு அறிந்துகொண்டார், நான் சொல்லவில்லை.

பிறகு மின்ஹாஜின் வழி. மத்ரஸா மாணவர்களுக்கு வாரச் சாமான் வாங்கும் வேலையைக் கொடுத்தேன். சிதம்பரத்துக்குப் பேருந்தில் போய்க் காய்கறியும் மளிகையும் வாங்கி வர வேண்டும்; சீட்டு எழுதி வர வேண்டும். முதல் வாரம் சொன்ன விலைக்கே வாங்கி வந்தார். இரண்டாம் வாரம் வெங்காயத்தில் பாதி அழுகல். மூன்றாம் வாரம் கடைக்காரரோடு வாக்குவாதம் செய்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்; மாணவர்களுக்கு அன்று பருப்பும் ஊறுகாயும்தான். சமையற்கார அம்மா என்னைத்தான் திட்டினார்கள். ஐந்தாம் வாரம் மூட்டைக்கு அறுபது ரூபாய் குறைத்து வாங்கிவந்து சீட்டை என் முன் வைத்தார். முகத்தில் பெருமை தெரிந்தது, அதைக் காட்டிக்கொள்ளாத முயற்சியும் தெரிந்தது. அறுவடையின்போது அவரைச் சின்னத்தாவோடு களத்துக்கும், நெல் கொள்முதல் நிலையத்துக்கும் அனுப்பினேன். தூக்கம் வருகிறது என்றார். தூக்கத்தோடு போய் எண்ணிவா என்றேன்.

சின்னத்தாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஒருநாள் இஷாவுக்குப் பின் வாசலில் நிறுத்திக் கேட்டார்: “என்ன ஹஜ்ரத், புள்ளைய எனக்கு எதிரா தயார் பண்றீங்களா?” நியாயமான வருத்தம்தான். ஏழாண்டு உழைத்தவர். நான் அந்த வசனத்தின் கருத்தை எடுத்துச் சொன்னேன். சாட்சி வைத்து ஒப்படைக்கச் சொன்னது பிள்ளையின் பாதுகாப்புக்கு மட்டுமன்று. நாளை அவன் வளர்ந்து, யாரோ தூண்டி, என் சின்னத்தா என்னை ஏமாற்றிவிட்டார் என்று ஊரில் பேசினால், உங்கள் பக்கம் பேச ஒரு தாளாவது வேண்டாமா என்றேன். பதில் சொல்லாமல் போனார். பத்து நாள் கழித்து ஒரு பழைய நாட்குறிப்பைக் கொண்டுவந்து, “இதுல கொஞ்சம் எழுதியிருக்கேன், முழுசா இல்ல” என்று கொடுத்தார். அது ஒரு மனிதருக்கு எவ்வளவு கடினமான காரியம் என்பதைக் கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள்.

இதற்கிடையில் ஏஜென்டின் ஒப்பந்தப் படிவம் வந்தது. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் அரபி. கையெழுத்துப் போட்டு இரண்டு நாளில் திருப்பித் தர வேண்டுமாம். பிள்ளை அதை என்னிடம் கொண்டுவந்தார். நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, அவர் விரல் வைத்து ஒரு வரியை வாசித்தார். “ஆமில் மஸ்ரஆ. ஹஜ்ரத், மஸ்ரஆன்னா பண்ணைதானே? கடைன்னு சொன்னாங்களே?” ஆங்கிலப் பக்கத்தில் பொதுத் தொழிலாளி என்று மட்டும் இருந்தது. அரபிப் பக்கத்தில் பண்ணைத் தொழிலாளி. ஸரஅ, யஸ்ரஉ என்று எங்கள் மத்ரஸாவின் தாழ்வாரத்தில் ராகம் போட்டு மனனம் செய்த வினைச்சொல், இப்படி ஒரு தாளில் எதிரே வந்து நிற்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

பண்ணை வேலை ஹலாலான வேலைதான். கடை என்று சொல்லிப் பண்ணைக்கு அனுப்புவதுதான் பிரச்சினை. மலையாளத்தில் பென்யாமின் எழுதிய ‘ஆடுஜீவிதம்’ நாவலை அறிந்தவர்களுக்கு, ஒரு தொழிலின் பெயர் மாறுவதால் பாலைவனத்தில் ஒரு மனிதனுக்கு என்ன நேரும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பிள்ளை கையெழுத்திடவில்லை. கிழித்தும் போடவில்லை, அப்படிச் செய்திருந்தால் அது வேறொரு சிறுபிள்ளைத்தனம். ஏஜென்டிடம் நேரில் போய், கடை வேலை என்று இரு மொழியிலும் எழுதித் தாருங்கள், உங்கள் பதிவு எண்ணைத் தாருங்கள், கட்டணத்துக்கு ரசீது தாருங்கள் என்று மூன்று கேள்விகள் கேட்டார். பக்கத்தில் சின்னத்தா நின்றார். நான் போகவில்லை, போகாமலிருப்பதுதான் சரியென்று பட்டது.

படத்தின் இறுதியைப் பற்றி ஒரு வார்த்தை. மலையில் கொள்ளைநோய் பரவி, ராசாவோடு நட்பாயிருந்த மரகதம் என்ற பெண் இறந்துபோகிறாள். அவளுடைய சிறு மகள் அநாதையாகிறாள். கால் நரம்பு அறுபட்ட ராசா அந்தப் பெண்குழந்தையைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறான். அவனை எவரும் அப்படிச் சேர்த்துக்கொண்டதில்லை. ஆனாலும் அவனுக்கு அது தெரிந்திருக்கிறது. கஹ்ஃபு அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களும் ஹிழ்ரு (அலை) அவர்களும் ஓர் ஊரில் பசியோடு உணவு கேட்டு, மறுக்கப்பட்டபின், அதே ஊரில் சாய்ந்திருந்த சுவரைக் கூலி வாங்காமல் நிமிர்த்தி வைத்த நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. அதன் அடியில் இரண்டு எத்தீம் சிறுவர்களின் புதையல் இருந்தது. அவர்கள் வாலிபத்தை அடைந்து தாமே எடுத்துக்கொள்ளும்வரை சுவர் நிற்க வேண்டியிருந்தது. வெள்ளிதோறும் ஓதுகிறோம். அடுத்த காட்சியில் ராசாவின் ஊர்ப் பெண் அங்கம்மா, அவன் மகனைத் தூக்கிக்கொண்டு, புதிதாக வந்த கூலிக் கூட்டத்தோடு அந்த மலைக்கே வந்து சேர்கிறாள். ராசா கதறுகிறான். படம் முடிகிறது. சாலூரிலிருந்து இன்னும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பின், அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்த வாரத்தில், அவர்கள் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஜமாஅத்தில் இருவர் சாட்சி. சின்னத்தா நாட்குறிப்பை வாசித்தார். பிள்ளை தன் நோட்டில் எழுதிக்கொண்டார். இரண்டு ஆண்டுக் குத்தகைக் கணக்கு கிடைக்கவில்லை. “அது நான் குடும்பத்துக்குச் செலவு பண்ணுனது, எழுதல” என்றார் சின்னத்தா. பிள்ளை சற்று யோசித்து, “நீங்க வயல்ல வேலை பார்த்ததுக்குக் கூலி நாங்க குடுக்கலையே சின்னத்தா. அதுக்கு இது சரியாப் போச்சுன்னு எழுதட்டுமா? அம்மாவும் நன்னியும் சம்மதிச்சா எழுதுறேன். தங்கச்சி பங்கு மட்டும் எம்பங்குலேருந்து கழிச்சுக்குறேன்” என்றார். சாட்சிகளில் ஒருவர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

நன்னி தம்முடைய பன்னிரண்டு பங்கையும் பேரன் பெயரிலேயே எழுதச் சொன்னார்கள். “அது முடியாது நன்னி. முதல்ல ஒங்க பேருல இருக்கட்டும். பொறவு பார்த்துக்கலாம்” என்று சொல்லி, அவர்களுடைய பெயரைத்தான் பிள்ளை முதலில் எழுதினார்.

நிலம் அடகுக்குப் போகவில்லை. பிள்ளை இப்போது சிதம்பரத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் காலையிலிருந்து மாலைவரை கணக்கெழுதுகிறார். வெளிநாடு போகும் ஆசையை விட்டுவிடவில்லை. விடச் சொல்ல நான் யார். கேட்ட மூன்று கேள்விகளுக்கு அந்த ஏஜென்டிடமிருந்து இதை எழுதும் நாள்வரை பதில் வரவில்லை. வேறொருவர் பதிவு எண்ணோடு வந்திருக்கிறாராம். அந்தப் படிவத்தை நாளை மஃரிபுக்குப் பின் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.